பில்லில் எழுதிய புஷ் பெட்டிக்குள் இருக்கிறதா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். அப்பா காலத்து ஃபோர் வீல் டிரைவ் ஜீப், 1997ஆம் ஆண்டு பதிவு. ஸ்டீயரிங் பாக்ஸில் ஆயில் ஒழுகியது, ஸ்டீயரிங்கில் ஆட்டமும் அதிகம். தஞ்சாவூரில் அப்பாவுக்குப் பழக்கமான பட்டறையில் விட்டேன். 'பாக்ஸ் ஓவர்ஹாலிங், புஷ், பேரிங், ஆயில் சீல் மாற்றம்' என்று பில் போட்டு 21,500 ரூபாய் வாங்கினார்கள். இருபது நாளில் மறுபடியும் ஒழுக்கு. திரும்பக் கொண்டுபோனபோது கிரீஸை அடைத்து, மேலே உள்ள ஸ்குரூவை முறுக்கிக் கொடுத்தார்கள். இப்போது வளைவில் ஸ்டீயரிங் இறுகுகிறது. கேட்டதற்கு, "கிழட்டு வண்டிக்கு இவ்வளவுதான்" என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினார். திருத்துறைப்பூண்டி மெக்கானிக் ஒருவர் ஆட்டிப் பார்த்துவிட்டு, புஷ்ஷே மாற்றவில்லை, பிரித்துக் காட்டுகிறேன் என்கிறார். பட்டறைக்காரர் 9,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மோசடி வழக்குப் போடலாமா? நடவு நேரத்தில் வாடகை வருமானமும் போயிற்று. மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் கேட்கலாமா? இப்போதைக்கு மைத்துனர்தான் வண்டியை மெதுவாக ஓட்டுகிறார்.

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் அவர் பேசிய பேச்சு. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அப்பாவின் நண்பர் என்பதும், டீ குடிக்க வந்தவர்கள் முன்னால் எடுத்தெறிந்து பேசினார் என்பதும் இந்த வழக்கில் ஒரு வரிக்கும் உதவாது. உதவுவது ஒன்றே ஒன்று. பில்லில் 'புஷ் மாற்றம்' என்று எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் புதிய புஷ், அதாவது தண்டைச் சுற்றித் தாங்கும் உலோக வளையம், ஸ்டீயரிங் பெட்டிக்குள் இருக்கிறதா, இல்லையா?

எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை மட்டும் மாற்றி, தேய்ந்த புஷ்ஷை அப்படியே விட்டால், பெட்டியிலிருந்து வெளியே வரும் செக்டார் ஷாஃப்ட் என்ற தண்டு உள்ளே ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆடுகிற தண்டை எந்தப் புதுச் சீலும் கவ்விப் பிடிக்காது, சில வாரங்களில் ஒழுகிவிடும். ஸ்குரூவை அளவுக்கு மேல் முறுக்கினால் நேரோட்டத்தில் ஆட்டம் குறைந்தது போலத் தெரியும், திருப்பும்போது இறுகும். நீங்கள் எழுதியிருப்பது இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபிப்பது வேறு. சீல் தரமில்லாமலும் ஒழுகலாம், ஷாஃப்ட்டே தேய்ந்திருந்தாலும் ஒழுகலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். புஷ் பழையது என்று காட்டிவிட்டால் அந்த வாதம் எல்லாம் அடங்கிவிடும். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியது நேரடியான சேவைக் குறைபாடு.

அதனால் திருத்துறைப்பூண்டி மெக்கானிக்கிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: பெட்டியைத் தொடக்கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒருவர் இதே போன்ற வழக்கோடு வந்தார். பிரித்த ஸ்டீயரிங் பாக்ஸை உரச்சாக்கில் சுற்றி என் மேசைமேல் வைத்தார். சாக்கு முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. உள்ளே ஒருபக்கமாகத் தேய்ந்து, விளிம்பு நகம்போல் மெலிந்துபோன வெண்கலப் புஷ். பார்த்தால் யாருக்கும் உண்மை விளங்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்விதான்: "எங்கள் பட்டறையிலிருந்து போன பிறகு இந்தப் பெட்டியை எத்தனை பேர் திறந்தார்கள்?" இரண்டு பேர். வழக்கு அங்கேயே முடிந்தது. நாங்கள் போட்ட புதுப் புஷ்ஷைக் கழற்றிவிட்டுப் பழையதைச் செருகியிருக்கிறார்கள் என்றார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். பொய் என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

வண்டி வேண்டுமென்றால் பெட்டியைப் பிரிக்காமல் முழுதாக இறக்கி, வேறு பெட்டி பொருத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன், இன்ன தேதியில் இன்ன இடத்தில் இறக்கப் போகிறோம், நேரில் வந்து பார்க்கலாம் என்று பட்டறைக்கு விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். அவர் வராவிட்டாலும் அந்தச் சான்று பேசும். இறக்குவதை முழுக்க வீடியோ எடுத்து, பெட்டியைச் சாட்சிகள் கையெழுத்தோடு கட்டி முத்திரையிட்டு வையுங்கள். வீடியோ எடுத்த செல்பேசியை மாற்றிவிடாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி வீடியோவோடு தர வேண்டிய சான்றிதழுக்கு அது தேவைப்படும். பெட்டியைத் திறப்பது நுகர்வோர் ஆணையம் நியமிக்கும் நிபுணர் முன்னிலையில் நடக்கட்டும்.

அடுத்தது, எனக்குத் தூக்கம் கெடுக்கிற வரி: "மைத்துனர்தான் மெதுவாக ஓட்டுகிறார்."

ஸ்டீயரிங் இறுகுகிறது, ஓட்டவே பயமாக இருக்கிறது என்று பட்டறைக்காரருக்கு ஆறு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எதிரான ஆதாரம் என்று அவற்றைப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள். நாளைக்குப் பாமணி ஆற்றங்கரையில் எதிரே ஒரு டிராக்டர் வந்து, வண்டி திரும்பாமல் போய் ஒருவர்மேல் மோதினால், அதே ஆறு செய்தியும் உங்களுக்கு எதிரான ஆதாரம். பழுது இருப்பது தெரிந்தும் வண்டியை ஓட்டினால் மட்டுமல்ல, ஓட்ட விட்டாலும் மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவில் குற்றம். அதனால் ஒருவருக்குக் காயம் பட்டால் 3 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. உயிரே போனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவு. ஓட்டியவர் உங்கள் மைத்துனர். உங்கள் தங்கை குடும்பம் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

திடீரென்று இயந்திரக் கோளாறு, நான் என்ன செய்வேன் என்ற வாதம் உங்களுக்குக் கிடைக்காது. 1977இல் மினு பி. மேத்தா வழக்கில், வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்கத் தேவையான எச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று காட்டும் சுமை உரிமையாளருடையது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்தில் "பயமாக இருக்கிறது" என்று சொன்னவர் அந்தச் சுமையை எப்படி இறக்குவார்? பதிவைப் புதுப்பித்தபோது வாங்கிய தகுதிச் சான்று அன்றைய நிலைக்குத்தான் சான்று. உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்டாலும், வாகனத்தைச் சீரான நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையைக் காப்பீட்டு நிறுவனம் எடுத்துக் காட்டும்.

வாடகை வருமானத்தைப் பற்றி எந்த மனுவிலும் மூச்சு விடாதீர்கள். அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. வாடகைக்கு விட்டேன் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதினால், பெர்மிட் இல்லாமல் ஓட்டியதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பாலிசியின் உபயோக வரம்பும் மீறப்படுகிறது. 'வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல' என்ற ஆட்சேபணைக்கும் வழி திறந்துவிடும். அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. அந்தத் தொகையை விட்டுவிடுங்கள் என்கிறேன். இனி வாடகைக்கும் விடாதீர்கள்.

மோசடி வழக்கு வேண்டாம். வேலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டபோதே பட்டறைக்காரருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். காவல் நிலையத்தில் புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள், அதோடு சரி. மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் 21,500 ரூபாய் நியாயமும் கேலிக்கு உள்ளாகும்.

நுகர்வோர் வழக்கு நிற்கும். நீங்கள் வசிக்கும் திருவாரூர் மாவட்டத்திலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, 2 வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் கணக்குப் போடுங்கள். மூன்று மாதத்தில், பொருளை ஆய்வுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி நாற்று விடாதீர்கள். அதுவரை பெட்டி முத்திரையோடு கிடக்க வேண்டும். வேறு பெட்டிக்குக் கையிலிருந்து செலவு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வயல் வேலை போகும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். 9,000 தருகிறேன் என்று தானாகச் சொல்லி அனுப்புகிறவருக்கு, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். பில்லில் உள்ள புஷ், பேரிங் விலையையும் கூலியில் பாதியையும் கேளுங்கள். 13,000க்கு வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். வரவில்லையென்றால் பெட்டியை இறக்கிய பிறகு நோட்டீஸ் அனுப்பலாம்.

பணம் தரும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். "வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்ன தேதி, இன்ன எண் பில்லுக்காக இவ்வளவு தொகை திரும்பப் பெற்றேன், இந்த வேலை தொடர்பாக இனி கோரிக்கை இல்லை என்பது போதும். தொகை வங்கிக் கணக்குக்கு வரட்டும். அது வந்து சேர்ந்த பிறகு பெட்டியைத் தாராளமாகப் பிரித்து, புஷ்ஷும் சீலும் சேர்த்து மாற்றி, கியர் ஆயில் ஊற்றி, ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். பழைய உதிரிகளைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அதுவரை ஜீப் கொட்டகையில் நிற்கட்டும். மைத்துனரிடம் இருக்கும் சாவியை இன்றைக்கே வாங்கி வையுங்கள்.