இருபது பவுனும் ஓர் உறுதிமொழியும்

கேள்வி: பதவியும் சலுகையும் தேடி வந்தபோதும் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காதவர் என்று யாரைச் சொல்வீர்கள்? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இங்கிலாந்தின் தாமஸ் மோரைச் சொல்வேன். எட்டாம் ஹென்றி 1529-இல் அவரைத் தலைமை நீதிப் பொறுப்பாளராக்கினார்; மன்னரின் மணவிலக்கை ஏற்க மனம் ஒப்பாத மோர், திருச்சபை மன்னருக்குப் பணிந்துபோனதும், 1532 மே மாதத்தில் அப்பதவியைத் துறந்தார். வருமானம் சுருங்கிய அவருக்கு, அடுத்த ஆண்டு, மன்னர் புதிதாக மணந்த ஆன் போலினின் முடிசூட்டு விழாவுக்கு உடை வாங்கிக்கொண்டு வரும்படி திருச்சபை ஆயர்கள் மூவர் 20 பவுன் பணம் அனுப்பினார்கள் என்றும், அவர் பணத்தை வைத்துக்கொண்டு விழாவுக்குப் போகவில்லை என்றும் அவருடைய மருமகன் எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அவர் வீம்புக்காரர் அல்லர். அரியணை வாரிசுரிமையை நாடாளுமன்றம் தீர்மானிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அவர், போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுக்கும் உறுதிமொழியை மட்டுமே 1534-இல் ஏற்க மறுத்தார். 1535 ஜூலை 6 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது. ஆனால் அவர் பதவியில் இருந்தபோது, மாற்று நம்பிக்கைக்காக ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தமக்கு வேண்டிய மனச்சான்றின் உரிமையை அவர் பிறருக்குத் தரவில்லை.