சாவி எடுக்கக் குனிந்தாலே பிடிக்கும் இடுப்பு: கேள்வி பதில்

பதினெட்டு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். வலி நரம்பில் எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் படம் மட்டும் வேண்டாம். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கால் இடுக்கு மரத்தாலோ, இங்கே கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லாரி டிரைவர், நாமக்கல்: நாலு வருஷத்துல ஆறாவது தடவை மேடம். இந்த முறை கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிஞ்சேன், அவ்வளவுதான். சாவிக்கா இவ்வளவு வலி?

சாவி மேல் தப்பில்லை அண்ணே. இடுப்பிலிருந்து கிளம்பும் ஆபத்துச் சேதி நேரே மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தில் அடுத்த நரம்புக்குக் கை மாறும். அந்த இடத்தில் சேதியைக் கூட்டவும் குறைக்கவும் வழி உண்டு. மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965இல் அதை ஒரு வாசல் என்றார்கள். மூளையிலிருந்து இறங்கும் நரம்புகளும் அங்கே பிரேக் போடும். ராத்திரி ஓட்டித் தூக்கம் கெட்டால் அந்த பிரேக் தளரும்.

சேதி விடாமல் வந்தால் தண்டுவட நரம்பே கூர்மையாகிவிடும். கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1983இல் எலிகளில் இதைக் காட்டினார். அப்புறம் சாதாரண அசைவும் வலியாகலாம். பழைய காயம் ஆறியிருந்தாலும்.

என்னிடம் வந்த ஒருவர், நின்று குனியச் சொன்னால் முட்டிக்குக் கீழே கை போகாது. அவரே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பேச்சுவாக்கில் சாக்ஸ் மாட்டினார். முதுகு நன்றாகவே வளைந்தது. ‘குனி’ என்ற பேச்சுக்குத்தான் அவர் உடம்பு முன்கூட்டியே விறைத்துக்கொண்டது.

ஐடி ஊழியர், சென்னை: அப்ப எல்லாம் மனப்பிரமையா?

இல்லை. நான் சொன்னது நரம்பில் நடக்கும் மாற்றம். வலி நிஜம்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: தைலம் தேய்த்தால் குறைகிறதே?

குறையும். தேய்க்கும்போது தொடு உணர்வு நரம்புகள் அந்த வாசலைக் கொஞ்சம் சாத்துகின்றன. தாராளமாகத் தேயுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை: நரம்பு, வாசல் எல்லாம் சரி. எனக்கு டிஸ்க் பல்ஜ், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கியிருந்தது. ஆபரேஷன் செய்ததும் வலி போய்விட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கால் வரை இறங்கியதா சார்?

ஆசிரியர்: பெருவிரல் வரை.

அப்படியானால் நரம்பு வேர் அழுந்தியிருக்கும். ஆபரேஷன் சரிதான். இடுப்போடு நிற்கும் வலி வேறு கதை.

ஆசிரியர்: ஸ்கேனில் பல்ஜ் என்றால் பல்ஜ்தானே? கண்ணால் பார்ப்பதை எப்படி மறுப்பீர்கள்?

பல்ஜ் இருப்பதை மறுக்கவில்லை. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு பல்ஜ். வலி இல்லாதவர்கள், சார்! அதனால்தான் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஆபரேஷன் பேசாதீர்கள் என்கிறேன்.

ஆசிரியர்: என் டாக்டர் காலையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

நல்ல டாக்டர். நாம் சண்டை போட ஒன்றுமில்லை.

கோவை: எந்த மெத்தை நல்லது?

தூக்கம் வருவது.

திருச்சி: ஒரு மாசம் படுத்தே இருக்கலாமா?

கூடாது. முடிந்த அளவு நடங்கள்.

சேலம்: மெத்தை மாத்தினா சரியாகுமா?

கோவைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஈரோடு: ரிப்போர்ட் படம் போட்டிருக்கேன் மேடம்.

திறக்கவில்லை.

வேலூர்: பத்து நாளா இடுப்புவலி. நேத்துல இருந்து உட்காருற இடம் மரத்துப்போச்சு, யூரின் சரியா வரல. மெத்தை மாத்தணுமா?

போனை வையுங்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு இப்பவே எமர்ஜென்சிக்குப் போங்கள். இந்த இரண்டையும் அங்கே முதலில் சொல்லுங்கள்.