குளிர்பான குடோனில் சரக்கு எடுப்பும் இருப்புக் கணக்கும்: கேள்வி பதில்

குளிர்பானம், தண்ணீர், ஜூஸ் ஏஜென்சி நடத்துபவர்கள் குடோன் வேலையை நோட்டிலிருந்து போனுக்கு மாற்றுவது பற்றி நிறையக் கேட்டிருந்தீர்கள். ஏஜென்சிகளுக்கு இந்த மாற்றத்தைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை): அண்ணே, டாலி கணக்கு சாஃப்ட்வேரில் இருப்பு ஒன்று காட்டுகிறது, குடோனில் எண்ணினால் வேறு வருகிறது. நல்ல சாஃப்ட்வேர் ஒன்று சொல்லுங்கள்.

சாஃப்ட்வேரை அப்புறம் பார்ப்போம் தம்பி. பெரும்பாலான ஏஜென்சிகளில் சாயங்காலமே பில் அடித்துவிடுகிறார்கள். காலையில் லோடுமேன் அந்த பில் கட்டைப் பார்த்துச் சரக்கு எடுக்கிறார். பில்லில் ஆரஞ்சு 2 கேஸ் என்று இருக்கும். ஆரஞ்சு உள்ளே அடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தால், முன்னால் இருக்கும் எலுமிச்சையை ஏற்றிவிடுவார். விலை ஒன்றுதான் என்பதால் கடைக்காரரும் பேசாமல் வாங்கிக்கொள்வார். பணம் சரியாக வந்துவிடும். மாதக் கடைசியில் எண்ணும்போது ஆரஞ்சில் 2 கூட இருக்கும், எலுமிச்சையில் 2 குறையும். இப்படி ஜோடியாக வித்தியாசம் வந்தால் ஆளைச் சந்தேகப்படாதீர்கள், அது மாற்றி ஏற்றிய சரக்கு.

இதற்கு ஒரே வழி வரிசையை மாற்றுவது. ஆர்டர் முதலில் எடுப்புப் பட்டியலாகப் போனுக்குப் போக வேண்டும். எடுப்பவர் உண்மையில் எதை எடுத்தாரோ அதை அங்கேயே பதிய வேண்டும். அந்தப் பதிவிலிருந்துதான் பில் வர வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதிவாகும் பில்) கட்டாயம் என்பதால் இது இன்னும் முக்கியம். இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அதற்குப் பிறகு ஒரு கேஸ் குறைந்தாலும் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டாக வேண்டும். சரக்கு கை மாறும் இடத்தில், கை மாறும் நேரத்தில் பதிவு நடந்தால்தான் இருப்பு நிற்கும். மற்ற கேள்விகளுக்கும் நான் சொல்லப்போவது சுற்றிச் சுற்றி இதைத்தான்.

கேள்வி (ஈரோடு): பாட்டிலில் இருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்தால் காலாவதி தேதியும் வந்துவிடுமா சார்?

வராது. 890 என்று தொடங்கும் அந்த 13 இலக்கம் பொருள் எது, எந்த அளவு என்று மட்டும் சொல்லும். தேதியும் பேட்ச் எண்ணும் மூடியிலோ கழுத்திலோ தனியாக அச்சாகியிருக்கும். அதனால் சரக்கு இறங்கும்போதே ஒருவர் தேதியைப் பார்த்து போனில் அடிக்க வேண்டும். அதற்கு நீங்களே ஒரு கியூஆர் சீட்டு அச்சடித்து அடுக்கின் முகப்பில் ஒட்டிவிடுங்கள். ஒரு அடுக்கில் ஒரு பேட்ச்தான் என்பதில் கறாராக இருங்கள்.

முதலில் வந்ததை முதலில் அனுப்புவது போதாது, முதலில் காலாவதியாவதை முதலில் அனுப்ப வேண்டும். டிப்போவிலிருந்து நேற்று வந்த லோடில் போன வாரம் வந்ததைவிடப் பழைய தேதி இருக்கலாம். சிறிய பெட் பாட்டிலில் இது ரொம்ப முக்கியம். பிளாஸ்டிக் வழியே பானத்தில் இருக்கும் வாயு மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். சின்னப் பாட்டிலில் உள்ளே இருக்கும் பானத்தைப் பார்க்கும்போது சுவர்ப் பரப்பு அதிகம், அதனால் 2 லிட்டரைவிட சீக்கிரம் சப்பென்று ஆகிவிடும். கண்ணாடியில் இந்தத் தொல்லை கிடையாது.

கேள்வி (சென்னை, தண்ணீர் பாட்டில் மொத்த வியாபாரம்): ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையில் படிக்கும் சிப்) போட்டால் வாசலைத் தாண்டும்போதே எல்லாம் தானாக எண்ணிக்கொள்ளும் என்று ஒரு கம்பெனிக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

துணிக்கடைக்கு அருமையானது. உங்களுக்கு வேண்டாம். தண்ணீர் ரேடியோ அலையை உறிஞ்சிக்கொள்ளும், அலுமினிய கேன் அதைத் திருப்பி அடிக்கும். அடுக்கின் நடுவில் இருக்கும் கேஸ்களின் சிப் படிக்காமல் போகும். பாதி படித்து பாதி விடுகிற கருவி, கையால் எண்ணுவதைவிட ஆபத்து.

வைஃபைக்கும் இதே காரணம்தான். குடோன் காலியாக இருக்கும்போது சிக்னலைச் சோதித்துவிட்டு, சீசனுக்குச் சரக்கு கூரை வரை ஏறியதும் போன் வேலை செய்யவில்லை என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு வரிசைக்கு நடுவே நின்று பாருங்கள், இரு பக்கமும் தண்ணீர்ச் சுவர். அதனால் நெட் இல்லாமலே பதிந்து, வெளியே வந்ததும் தானாக அனுப்பிக்கொள்ளும் செயலிதான் வேண்டும். வாங்கும் முன் அடுக்குக்கு நடுவே போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு முழு லோடு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (விருதுநகர்): எங்களிடம் கண்ணாடி பாட்டில் ஓட்டம் அதிகம். காலி பாட்டில் கணக்குதான் தலைவலி. எப்படிப் பதிவது?

இந்தத் தொழிலில் பணம் சத்தமில்லாமல் போகும் இடம் இது. ஒரு கிரேட் என்பது 24 பாட்டில் மட்டுமில்லை. உள்ளே இருக்கும் பானம், பாட்டில், கிரேட் என்று மூன்று சரக்கு. மூன்றுக்கும் தனி ஐட்டம் போடுங்கள். கடைக்கு 5 கிரேட் இறங்கினால் அந்தக் கடை கணக்கில் 120 பாட்டிலும் 5 கிரேட்டும் பற்று ஏற வேண்டும். திரும்பி வரும்போது 4 கிரேட்டில் 91 பாட்டில் வந்தால், அப்படியே 91, 4 என்று பதிய வேண்டும். பலர் "4 கிரேட் காலி" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்திலேயே 5 பாட்டில் மறைந்துபோகிறது.

வாசலில் வண்டி திரும்பும்போதே எண்ணுங்கள், டிரைவர் அங்கேயே இருக்கும்போது. வாய் உடைந்தது, வேறு கம்பெனி பாட்டில் கலந்தது இரண்டுக்கும் செயலியில் தனி பட்டன் வேண்டும். பாட்டிலுக்கும் கிரேட்டுக்கும் கடைக்காரர் கட்டும் டெபாசிட் பணத்தை விற்பனையில் சேர்க்காதீர்கள், அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம்.

கேள்வி (ஜெர்மனியிலிருந்து): அண்ணா, இங்கே நான் வேலை செய்யும் பான மொத்த விற்பனை குடோனில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் எடுக்கிறோம். ஊரில் அது சரிப்படுமா?

ஊர் நண்பர்களுக்காக விளக்குகிறேன். ஹெட்செட் இடத்தைச் சொல்லும். அங்கே போய் ஒட்டியிருக்கும் சோதனை எண்ணை வாசித்தால்தான் எத்தனை கேஸ் என்று சொல்லும். இரண்டு கையும் காலியாக இருப்பதால் கனமான பெட்டி தூக்குபவர்களுக்கு அது நல்ல முறை. ஆனால் அது ஓட முதலில் ஒவ்வொரு இடத்துக்கும் நிலையான எண் வேண்டும். இங்கே பல குடோன்களில் "தூணுக்குப் பக்கத்தில்" என்பதுதான் முகவரி. முதலில் தரையில் பெயிண்ட் அடித்து எண் எழுதுவோம். சோதனை எண் வாசிக்கும் பழக்கத்தை மட்டும் போன் செயலியிலேயே கொண்டுவரலாம், தப்பு நன்றாகக் குறையும்.

அங்கே பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், பெட்டிக்கு 1.50 யூரோ, ஆக 20 பாட்டில் பெட்டிக்கு 3.10 யூரோ டெபாசிட் என்று பில்லிலேயே தனி வரியாக வரும் அல்லவா? விருதுநகர் நண்பருக்கு நான் சொன்னது அதே கணக்குதான்.

கேள்வி (கோவை): ஒரே தண்ணீர் பாட்டில் இரண்டு எம்ஆர்பியில் கிடக்கிறது. ஒரே ஐட்டமாக வைக்கலாமா?

கூடாது. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியபோது பாட்டில் தண்ணீர் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தது, ரயில் நீர் 15 ரூபாயிலிருந்து 14 ஆனது. அப்போது எம்ஆர்பி வாரியாகப் பிரித்து வைக்காதவர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். பொருள், எம்ஆர்பி, பேட்ச் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு இருப்பு.

கேள்வி (திருநெல்வேலி): எங்கள் லோடுமேன்களில் பாதிப் பேர் வடமாநிலத் தம்பிகள். போனில் எப்படி வேலை வாங்குவது?

எழுத்தைக் குறைத்துப் படத்தையும் எண்ணையும் பெரிதாக்குங்கள். பாட்டில் படம், மூடி நிறம், இட எண், எத்தனை கேஸ். அது போதும். கை ஈரமாக இருந்தால் திரை கேட்காது, அதனால் பட்டன் உள்ள ஸ்கேனர் நல்லது. விரலில் மாட்டும் ப்ளூடூத் ஸ்கேனர் இன்னும் நல்லது. ஷ்ரிங்க் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கேஸில் வெளிச்சம் பளபளத்து பாட்டில் பார்கோடு படிக்காது, இடத்தில் ஒட்டிய கியூஆரை ஸ்கேன் செய்ய வையுங்கள்.

இன்னொன்று, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யார் நிமிடத்துக்கு எத்தனை கேஸ் எடுத்தார் என்று செயலி காட்டும். அதை வைத்து ஆட்களை விரட்டாதீர்கள். கண்ணாடி கிரேட் தூக்குபவரும் பெட் கேஸ் தூக்குபவரும் ஒரே வேகத்தில் போக முடியாது. அந்தக் கணக்கைச் சரக்கை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கப் பயன்படுத்துங்கள். அதிகம் ஓடுகிறதை வாசலுக்குப் பக்கத்திலும், கனமானதை இடுப்பு உயரத்திலும் வைத்தால் அவர்கள் முதுகு தப்பும்.

கேள்வி (தஞ்சாவூர்): ஒரே ஒரு வண்டி, ரெடி ஸ்டாக் விற்பனை (முன்கூட்டி ஆர்டர் இல்லாமல் வண்டியில் ஏற்றிப்போய்க் கடையிலேயே விற்பது). எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வண்டியையே ஒரு குடோனாக டாலியில் போடுங்கள். காலையில் ஏற்றியது உள்ளே, விற்றது வெளியே, சாயங்காலம் மீதியை எண்ணித் திரும்ப குடோனுக்கு. ஸ்கீமில் கொடுத்த இலவச பாட்டிலையும் பூஜ்ய விலையில் தனி வரியாக எழுதுங்கள். குடோன் சரக்கில் தினமும் நாலைந்து ஐட்டம் மட்டும் எண்ணினால் போதும். எண்ணுபவருக்குக் கணினி இருப்பைக் காட்டாதீர்கள், காட்டினால் அதே எண்தான் திரும்பி வரும். இப்போதைக்கு ஒரு போனும் ஒரு சின்ன லேபிள் பிரிண்டரும் போதும், ஸ்கேனரை இரண்டாவது வண்டி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.