ஃபோர் வீல் பிக்கப்பில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்துவிட்டது. பழைய கேஸ் வாங்கி மாற்றலாமா?

மாற்றலாம். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி. ஆனால் கேஸ் தேடிக் கிளம்பும் முன் உங்கள் வண்டியின் நாலு டயரையும் உட்கார்ந்து பாருங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இது: பேரையூர் பக்கம் கரிசல் காட்டில், மழைக்குப் பிறகு லோடோடு புதைந்த வண்டியை ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் நிலை) போட்டு ஏற்றியபோது கடகடவென்று சத்தம்; அதோடு முன்சக்கரம் இழுப்பது நின்றுவிட்டது. கேஸுக்குள் முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் செயின் அறுந்து கேஸிலும் விரிசல் என்கிறார் மெக்கானிக். எங்களுக்கு நத்தம் பக்கம் மாந்தோப்பு. பழைய வண்டியாக வாங்கிய எங்கள் பிக்கப்பிலும் இதே வேலையைச் செய்திருக்கிறோம்.

கரிசல் சேறு அந்தச் செயினை அறுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சேற்றில் டயர் வழுக்கும், உள்ளே சேரும் இறுக்கம் வெளியே போய்விடும். கேஸைக் கொல்வது காய்ந்த தார் ரோடு. நம் ஊர்ப் பிக்கப்புகளில் பெரும்பாலும் இருப்பது தேவைப்படும்போது மட்டும் மாற்றிக்கொள்ளும் பார்ட் டைம் ஃபோர் வீல். ஃபோர் ஹையில் (நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டதும், சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், நடுவில் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. டயர் வழுக்க இடமில்லாத ரோட்டில் அந்த வித்தியாசம் முழுவதையும் செயினும் பேரிங்கும்தான் தாங்க வேண்டும்.

முன்னும் பின்னும் டயர் அளவு வேறாக இருந்தால் வளைவுகூடத் தேவையில்லை. எங்கள் வண்டியில் முன்னால் 245/70 ஆர் 16, பின்னால் லோடுக்காக முதல் ஓனர் மாட்டிய 265/70 ஆர் 16. ஒரு கிலோமீட்டருக்கு முன்சக்கரம் சுமார் 425 சுற்று, பின்சக்கரம் சுமார் 410 சுற்று. மதுரை நத்தம் ரோட்டுப் பாலம் 7.3 கிலோமீட்டர், அதில் ஃபோர் ஹையை எடுக்க மறந்து நேராக ஓட்டினாலே நூறு சுற்றுக்கு மேல் வித்தியாசம். அது எங்கே போகும்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நாலு டயரையும் ஒரே அளவாக மாற்றினோம். முன்னால் புதிது, பின்னால் மொட்டை என்று ஓட்டுவதும் கொஞ்சம் குறைவான அளவில் இதே கதைதான்.

சரி, கேஸுக்கு வருவோம். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கலாம், ஆனால் "அதே மாடல்தான் சார்" என்ற ஒரு சொல்லை நம்பி வாங்காதீர்கள். உங்கள் பழைய கேஸைக் கழற்றி வைத்த பிறகு தேடுங்கள். கியர் பாக்ஸோடு சேரும் இன்புட் பக்கத்துப் பல் எண்ணிக்கை, முன் ஷாஃப்ட் இடப்பக்கம் வருகிறதா வலப்பக்கமா, ஃபோர் வீலுக்கு மோட்டாரில் மாறுகிறதா கம்பியிலா, ஸ்பீடு சென்சார் இருக்கும் இடம், லோ ரேஷியோ (ஃபோர் லோவில் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்பது), இவ்வளவும் பொருந்த வேண்டும். வண்டி மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதைப் பொறுத்தும் இன்புட் மாறலாம். கையால் சுற்றிப் பாருங்கள். ஆயில் வடிக்கும் ட்ரெயின் பிளக்கைத் திறந்து விரலை விடுங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை. துகள் துகளாக இரும்பு வந்தால் வேண்டாம். வாங்கியதை அப்படியே மாட்டாமல் ஆயில் சீல்களையாவது மாற்றிவிடுங்கள். கேஸ் தரையில் இருக்கும்போது அது சின்ன வேலை. மேலே ஏற்றிய பிறகு பாதியை மறுபடி கழற்ற வேண்டும்.

மாட்டும் வேலையில் மெக்கானிக்கிடம் இரண்டே இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஒன்று, ஷாஃப்ட்களைக் கழற்றும் முன் ஃபிளேஞ்சில் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டுப் பூட்டும் தட்டு) பெயிண்ட்டால் அடையாளம் போடச் சொல்லுங்கள். மாற்றிப் பூட்டினால் ஓடும்போது அதிர்வு வரலாம். இன்னொன்று, கேஸை ஜாக்கில் நன்றாகத் தாங்கி நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். 30, 40 கிலோ எடை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கினால் சீலும் பேரிங்கும் போச்சு. கியர் பாக்ஸுக்கும் தனியாக முட்டு வேண்டும். வண்டிக்கு அடியில் ஆள் படுக்கிறார் என்றால் ஸ்டாண்டு இல்லாமல் வேலையே கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி யாரையும் படுக்க விடாதீர்கள்.

ஆயிலைக் கைப்புத்தகத்தில் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். செயின் வைத்த கேஸ்கள் பலவற்றுக்கு ஆட்டோ கியருக்கு ஊற்றும் மெல்லிய ஏடிஎஃப், பல்சக்கரம் மட்டுமே உள்ள பழைய ஜீப் கேஸ்களுக்குக் கியர் ஆயில். 1000 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். அப்புறம் கேஸுக்குள் காற்று வந்துபோகும் ப்ரீதர் குழாயையும் ஊதிப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புது சீலும் கசியும்.

அதுவரை பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹையில் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். செயின் அறுந்தாலும் பின்சக்கரத்துக்கு நேராகச் சக்தி போகும், வண்டி ஓடவும் செய்யும். ஆனாலும் ஓட்டாதீர்கள். அறுந்த துண்டு உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது, விரிசல் வழியாக ஆயில் போய்க்கொண்டிருக்கிறது. ரோட்டில் கேஸ் மொத்தமாக இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் உங்களுக்கும் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. மதுரைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் முழு வண்டியையும் தூக்கி வைக்கும் ரெக்கவரி லாரியைக் கூப்பிடுங்கள். கயிறு கட்டி இழுப்பதைத் தவிர வழியே இல்லை என்றால், முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றிவிட்டு இழுங்கள்.