டரான்டுலாவை வளர்ப்பதா, அதன் இரையை வளர்ப்பதா?

வீட்டில் டரான்டுலா சிலந்தி வளர்ப்பது கடினமா, அதற்கு இரையாகும் பூச்சிகளை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பெண் டரான்டுலாக்களைச் சில ஆண்டுகளாக வளர்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிலந்தி அதிக வேலை வைக்காது, உங்கள் நேரத்தையும் மூக்கையும் சோதிப்பவை பூச்சிகள்தாம்.

வளர்ந்த டரான்டுலாவுக்கு வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ ஒன்றிரண்டு பூச்சிகள் போதும். காற்றோட்டமுள்ள பெட்டி, வளை தோண்டும் ஆழத்துக்குத் தேங்காய் நார்த்தூள், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, ஆழமில்லாத நீர்க்கிண்ணம் ஆகியவற்றைத் தவிர அது வேறெதையும் எதிர்பார்ப்பதில்லை. தரையில் வாழும் இனங்களுக்குப் பெட்டி உயரமாக இருக்கக் கூடாது. கண்ணாடியில் ஏறித் தவறி விழுந்தால் மென்மையான வயிறு கிழிந்து இறந்துவிடக்கூடும் என்பதால், நான் அவற்றைக் கையில் எடுப்பதும் இல்லை. அமெரிக்கக் கண்டங்களின் இனங்களில் பெரும்பாலானவை மிரண்டால் வயிற்றிலுள்ள அரிப்பு முடிகளைப் பின்னங்கால்களால் உதறிவிடும். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு அம்முடிகள் இல்லையென்றாலும் வேகமும் நஞ்சின் கடுமையும் பொதுவாக அதிகம். முதன்முறையாக வளர்ப்பவர் அவற்றை வாங்காதிருப்பதே நல்லது. பெண் சிலந்தி சில இனங்களில் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பதையும் வாங்கும் முன்பே எண்ணிப் பாருங்கள்.

இனி பூச்சிகள். பலரையும் போல நானும் சுவர்க்கோழிகளிலிருந்துதான் தொடங்கினேன். வாரத்துக்கு நான்கு தேவைப்படும் வீட்டில் ஐம்பதை வாங்கி வைத்தால், மீதி நாற்பத்தாறுக்கும் உணவிட்டு, நீர் தந்து, கழிவகற்ற வேண்டியிருக்கிறது. ஆண் பூச்சிகள் இரவெல்லாம் ஒலியெழுப்பும். நெரிசலும் ஈரமும் சேர்ந்துவிட்டால் கொத்துக் கொத்தாக மடியும். அந்த நாற்றம் அறையை விட்டுப் போகச் சில நாட்களாவது ஆகும். நீரைக் கிண்ணத்தில் வைத்தால் அதில் விழுந்து மூழ்குகின்றன என்பதால், கேரட் துண்டுகளையே நீருக்கும் உணவுக்குமாக வைத்து, முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் இறப்பு குறைந்தது.

சுவர்க்கோழியைக் கைவிட வேறொரு காரணமும் உண்டு. என் சிலந்திகளில் ஒன்று சில வாரங்களாக உண்ணாமல் இருந்தபோது, அது சட்டை உரிக்க ஆயத்தமாகிறது என்பதை உணராமல், பசித்தால் பிடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு பூச்சியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு உறங்கப் போனேன். காலையில் சிலந்தி மல்லாந்து படுத்துச் சட்டை உரித்துக்கொண்டிருக்க, அந்தப் பூச்சி அதன் கால் ஒன்றைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அந்தக் காலை இழந்தாலும் சிலந்தி பிழைத்தது. அடுத்தடுத்த இரு சட்டை உரிப்புகளில் கால் மீண்டும் வளர்ந்தது. இப்போதெல்லாம் உண்ணப்படாத இரையை மறுநாளே எடுத்துவிடுகிறேன். உரித்த பிறகும் நச்சுப்பற்கள் வெளுப்பு நீங்கிக் கறுத்து இறுகும் வரை, பெரிய சிலந்தியானால் ஒரு வாரத்துக்கு மேலாகவே, எதையும் கொடுப்பதில்லை.

இன்று என்னிடம் இருப்பவை டூபியா கரப்பான்கள். கரப்பான் என்றதும் வீட்டார் முகம் சுளித்தது இயல்புதான். ஆனால் இவற்றால் வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாது, ஒலி இல்லை, நாற்றமும் மிகக் குறைவு; பெண் கரப்பான் குஞ்சுகளை நேரடியாக ஈனுவதால், வெதுவெதுப்பும் இருட்டும் இருந்தால் கூட்டம் தானாகப் பெருகும். மெதுவாக வளர்கின்றன என்பதால், முதல் சில மாதங்கள் பெரியவற்றை இரையாக்காமல் பொறுத்திருக்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்துகொள்ளும் பழக்கமும் உண்டு. ஆகவே தலையை நசுக்கிய பின்னரோ இடுக்கியால் நேரடியாகவோ கொடுக்கிறேன். மாவுப்புழுவும் இப்படித்தான் புதையும்.

கரப்பான் கழிவின் தூசு சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டும். வீட்டில் மூச்சுத் தொல்லை உள்ளவர் இருந்தால், கூட்டமாக வளர்க்காமல் மாவுப்புழுக்களைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளுங்கள். செலவு மிச்சம் என்று வெளியில் பிடித்த பூச்சிகளை மட்டும் கொடுக்காதீர்கள். அவற்றின் உடலில் பூச்சிக்கொல்லி மருந்து இருக்கிறதா என்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.