கையாடிய பணம் கோர்ட் மூலம் திரும்பி வருமா?

கேள்வி: சார், எங்கள் நிறுவனத்தில் கணக்கு எழுதியவர் வசூல் பணத்தை பேங்க்கில் கட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக 14 லட்சம் எடுத்துவிட்டார். புகார் கொடுத்து குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது. தண்டனை கிடைத்தால் பணமும் கூடவே வந்துவிடும், தனியாக சிவில் கேஸ் போட வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். கிரிமினல் கோர்ட் இழப்பீடு வாங்கித் தர முடியும், ஆனால் அது தண்டனையோடு ஒட்டிக்கொண்டு தானாக வருகிற விஷயம் இல்லை. கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும்.

ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 408, அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 316(4). இரண்டிலும் 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. இழப்பீடு பற்றிச் சொல்வது குற்றவியல் நடைமுறைச் சட்டம்: பழையதில் 357, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 395. இதில் இரண்டு வழி இருக்கிறது. அபராதம் விதித்து அதிலிருந்து உங்களுக்குக் கொடுக்கச் சொல்வது ஒன்று, அபராதமே விதிக்காமல் நேரடியாக இழப்பீடு கட்டச் சொல்வது இன்னொன்று. இந்த வித்தியாசம்தான் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய அபராதமே பழைய சட்டப்படி 10,000 ரூபாய், புதிய சட்டப்படி 50,000 ரூபாய்தான், 14 லட்சத்தில் அது எந்த மூலைக்கு? இரண்டாவது வழியில் தொகைக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது.

அதனால் தண்டனை பற்றிய வாதம் நடக்கிற அன்று உங்கள் பக்கம் பேச ஆள் இருக்க வேண்டும். அரசு வழக்கறிஞருக்கு உதவியாக உங்கள் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ள கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். இழப்பீடு பற்றி யோசிக்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது, கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் பதிவு செய்ய வேண்டும் என்று 2013-இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீல் இதைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். குற்றவாளியால் கட்ட முடியுமா என்பதையும் நீதிபதி பார்ப்பார், ஆகவே பணத்தை எடுத்த காலத்தில் அவர் வாங்கிய இடம், வண்டி, நகை பற்றிய விவரம் இருந்தால் இப்போதே திரட்டுங்கள். அது கையாடிய பணத்தில் வாங்கியதுதான் என்று காட்ட முடிந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-வது பிரிவில் எஸ்.பி. ஒப்புதலோடு போலீஸ் மனு போட்டு அந்தச் சொத்தை முடக்கவும், பிறகு மாவட்ட ஆட்சியர் மூலம் பாதிக்கப்பட்டவருக்குப் பிரித்துக் கொடுக்கவும் வழி இருக்கிறது. முதலாளிகள் பலர் புகார் கொடுத்ததோடு அலுத்துப்போய் இதைக் கேட்பதே இல்லை, எனக்கு இது பெரிய ஆதங்கம்.

அப்புறம் சிவில் வழக்கு. பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்குக்கு 3 ஆண்டு கெடு. மோசடி மறைக்கப்பட்டிருந்தால் அது உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கிரிமினல் கேஸ் நடக்கிறது என்பதால் அந்தக் கெடு நிற்காது. தீர்ப்புக்குக் காத்திருந்து மூன்று வருஷம் ஓடிவிட்டால் போச்சு. இரண்டு பக்கமும் பணம் வாங்குவது ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், கிரிமினல் கோர்ட் மூலம் வந்த தொகையை சிவில் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, என் கணவர் கம்பெனி காசாளராக இருந்தார். பணத்தை எடுத்தது உண்மை. சிறைத் தண்டனையோடு 6 லட்சம் இழப்பீடு கட்ட வேண்டும், கட்டாவிட்டால் இன்னும் 6 மாதம் என்று தீர்ப்பு. அந்த 6 மாதத்தையும் இருந்துவிட்டால் பணம் கட்ட வேண்டாம்தானே? பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்வார்களா?

பதில்: வேண்டாம் என்று நினைத்துத்தான் பலரும் அந்த முடிவுக்கு வருகிறார்கள், ஆனால் சட்டம் அப்படி இல்லை அம்மா. கூடுதல் சிறையை அனுபவித்தாலும் இழப்பீடு நிற்கும். 2017-இல் ஒரு செக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அபராதத்தை வசூலிப்பது போலவே அவர் பொருட்களை ஜப்தி செய்யவோ, நிலவரி பாக்கி போல ஆட்சியர் மூலம் வசூலிக்கவோ முடியும். உங்கள் சொந்த வருமானத்தில் வாங்கியதை இதற்காகத் தொட முடியாது, அதற்கான ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பி.எஃப். பணத்தை ஜப்தி செய்ய முடியாது. பணிக்கொடை வேறு கதை: நஷ்டம் ஏற்படுத்தியதற்காக வேலையை விட்டு நீக்கியிருந்தால், விளக்கம் கேட்டு விசாரித்த பிறகு அந்த நஷ்டத்தின் அளவுக்குப் பிடித்துக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது மேல்முறையீடு. மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக 30 நாள்தான், அதிலேயே தண்டனையை நிறுத்திவைக்கவும் கேளுங்கள். கூடவே கம்பெனியோடு பேசிப் பாருங்கள். ஊழியர் நம்பிக்கை மோசடி வழக்கை கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யலாம், மேல்முறையீட்டிலும் அந்த வாய்ப்பு இருக்கிறது, அனுமதி கிடைத்தால் அது விடுதலைக்குச் சமம். வேலையும் பெயரும் போன வீட்டில் ஒரு தண்டனைப் பதிவாவது இல்லாமல் போகும், பிள்ளைகளை நினைத்தாவது இதை முயன்று பாருங்கள். (பேங்க் அல்லது அரசு வேலையில் நடந்திருந்தால் 409-இல் வரும், அங்கே இந்தச் சமரசம் கிடையாது.) பணம் கொடுத்தால் டிடியாக, கோர்ட் பதிவில் வருகிற மாதிரி கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு பிறகு வாங்கவே இல்லை என்று கேட்க நேர்ந்தால் தாங்க மாட்டீர்கள்.

கேள்வி: ஊழியர் செய்தால் மட்டும்தான் நம்பிக்கை மோசடியா? என் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், கணக்கில் ஏறவே இல்லை.

பதில்: முதலாளி செய்தாலும் அதே குற்றம்தான். ஊழியரின் பங்கைச் சம்பளத்திலிருந்து பிடித்துவிட்டு நிதியில் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடியாகவே கருதப்படும் என்று நம்பிக்கை மோசடி பற்றிய பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது, இ.எஸ்.ஐ.க்கும் அப்படியே. சம்பளச் சீட்டுகளையும் பி.எஃப். பாஸ்புக்கையும் ஒப்பிட்டு, விட்டுப்போன மாதங்களைக் குறித்து பி.எஃப். அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பாக்கியை வட்டியோடு வசூலிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. சம்பளச் சீட்டு தராத இடம் என்றால், பிடித்தம் தெரிகிற வேறு எந்தத் தாளையும், பேங்க்கில் சம்பளம் வரவான பதிவையும் இன்றே நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.