சாலையோரக் காற்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாகனப் புகையும் உடல்நலமும் குறித்துக் கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊர்க்காற்று முழுவதையும் பற்றிக் கேட்காமல், தம் வீட்டுக்கு எதிரே ஓடும் ஒரு சாலையைப் பற்றியே கேட்டிருந்தன. ஆராய்ச்சியாளர்களும் கடந்த முப்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வீடு சுங்கச்சாவடியிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. லாரிகள் நின்று புகை கக்கும் இடத்தருகே வசிப்பது வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். இது வீண் அச்சமா? (வாசகி, திண்டிவனம்)

பதில்: வீண் அச்சம் என்று ஒதுக்க முடியாது, அம்மா. உங்கள் நிலைமைக்கு மிகவும் நெருங்கிய ஓர் ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில், நம் ஃபாஸ்டேக் போன்ற ‘ஈ-இசட் பாஸ்’ என்ற மின்னணுக் கட்டண முறை படிப்படியாக அறிமுகமானது. அதுவரை சாவடியில் வரிசையாக நின்று காசு கொடுத்த வாகனங்கள் நிற்காமல் செல்லத் தொடங்கின. ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தைத் தங்கள் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொண்டு, சாவடியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களின் பிரசவப் பதிவுகளை, அதே சாலையை ஒட்டி 2 முதல் 10 கிலோமீட்டர் தொலைவில் வசித்தவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். 2011-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, புதிய முறை வந்த பிறகு சாவடியருகே குறைமாதப் பிரசவங்கள் 10.8 சதவீதமும், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் 11.8 சதவீதமும் குறைந்தன.

இந்த ஆய்வை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நெடுஞ்சாலையோரத்தில் வசிப்பவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள். அவர்களுடைய உணவு, வேலை, மருத்துவ வசதி எல்லாமே வேறுபட்டிருக்கும். ஆகவே சாலையோரக் குழந்தைகளையும் உள்ளே தள்ளி வசிப்பவர்களின் குழந்தைகளையும் வெறுமனே ஒப்பிட்டால், காணும் வேறுபாடு புகையால் வந்ததா, வறுமையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. இங்கேயோ சாலை, வீடுகள், குடும்பங்கள் எல்லாம் இருந்தபடியே இருக்க, வண்டிகள் நின்று நகர்வது மட்டும் மாறியது.

நின்று நகர்வதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஃபாஸ்டேக் கட்டாயமாவதற்கு முன், அதாவது 2021 பிப்ரவரிக்கு முன், ஒரு சாவடி வரிசையில் இருபது நிமிடம் காத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்னால் இருந்த சரக்கு லாரி பத்தடி நகரும், நிற்கும். நகரும் ஒவ்வொரு முறையும் புகைக்குழாயிலிருந்து ஒரு கரும்பந்து கிளம்பும். சாவடிக்குள் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டு சில்லறையை நீட்டினார். பாரம் ஏற்றிய வண்டி நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்கும்போது என்ஜினுக்கு அதிக எரிபொருள் தேவைப்படுகிறது, அது முழுமையாக எரிவதும் இல்லை. சீரான வேகத்தில் ஓடும் வண்டி அந்த அளவுக்குப் புகையை விடுவதில்லை. ஆகவே வரிசை குறைந்திருப்பது உங்கள் வீட்டுக்கும் ஓரளவு நன்மையே.

இந்தச் சதவீதங்களைச் சரியாகப் புரிந்துகொள்வதும் முக்கியம். ஆயிரம் பிரசவங்களில் நூறு குறைமாதமாக இருந்த இடத்தில் அது 89 ஆகக் குறைந்தது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருமகளுக்கு இன்னது நடக்கும் என்று அந்த எண் சொல்லவில்லை. மருத்துவப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். சாலையைப் பார்த்த சன்னலை நெரிசல் நேரத்தில் சாத்திவையுங்கள். வீட்டில் விறகடுப்பு இருந்தால் சுங்கச்சாவடியைப் பற்றிக் கவலைப்படும் முன் அதை நிறுத்துங்கள். வளைகாப்புக்குப் பிறகு அவர் தாய்வீடு செல்வதாக இருந்து, அந்த வீடு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்குமானால், வழக்கத்தை இந்த முறை சற்று முன்னதாகவே கடைப்பிடிக்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 58, ஆஸ்துமா உண்டு. தினமும் அவிநாசி சாலையோரமாக ஒரு மணி நேரம் நடக்கிறேன். நடப்பது எங்கே நடந்தாலும் நல்லதுதான் என்கிறார் நண்பர். மார்கழி விடியற்காலையில் ஓசோன் மிகுந்திருப்பதால் அப்போது நடப்பது இன்னும் நல்லது என்றும் சொல்கிறார். சரியா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நண்பரின் முதல் கூற்று பாதி சரி, இரண்டாவது கூற்று முழுவதும் தவறு.

லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு தெரு என்று ஒரு கடைவீதி இருக்கிறது. அங்கே பகல் நேரத்தில் டீசல் பேருந்துகளும் டாக்சிகளும் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்ததால், டீசல் புகையை மட்டும் தனியே ஆராய அந்தத் தெரு பொருத்தமாக அமைந்தது. இலேசான அல்லது மிதமான ஆஸ்துமா உள்ள 60 பேரை ஆய்வாளர்கள் ஒரு நாள் அந்தத் தெருவில் 2 மணி நேரம் நடக்கவைத்தார்கள். வேறொரு நாள் அருகிலுள்ள ஹைட் பார்க் பூங்காவில் அதே 2 மணி நேரம். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு வேகமாக ஊதும்போது முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதை மருத்துவர்கள் அளப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அளவு, தெருவில் நடந்த நாளில் 6.1 சதவீதம் வரை குறைந்தது. பூங்காவில் நடந்த நாளில் அந்த அளவுக்குக் குறையவில்லை. மிதமான ஆஸ்துமா உள்ளவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. 2007-இல் வெளியான இந்த ஆய்வில் ஒவ்வொருவரும் தம்மோடு தாமே ஒப்பிடப்பட்டார் என்பதால், வயது, எடை, பழக்கம் என்று வேறு காரணம் காட்டுவது கடினம்.

நீங்கள் நடப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பாதையை மாற்றினால் போதும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு பெருஞ்சாலையிலிருந்து காற்று வீசும் திசையில் கருவிகளைத் தள்ளித் தள்ளி வைத்து அளந்தபோது, மிக நுண்ணிய துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 300 மீட்டருக்குள் சுற்றுப்புறத்தின் வழக்கமான அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டு மூன்று குறுக்குத்தெரு உள்ளே போனாலே கணிசமான வேறுபாடு கிடைக்கும் என்பது இதன் பொருள். இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடங்கள்.

இனி ஓசோன். வானத்தின் மேலடுக்கில் அது நமக்குக் குடை. தரையோரத்தில் நுரையீரலை எரிச்சலூட்டும் நச்சு வாயு. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரிபொருள் ஆவிகளும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாவது அது. எனவே பிற்பகலில்தான் மிகும், விடியலில் மிகாது. அதற்கு மேல், பனிக்கால அதிகாலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மீது வெப்பக்காற்று மூடிபோலக் கவிந்துகொள்வதால், இரவெல்லாம் சென்ற லாரிகளின் புகை மேலே எழும்பிக் கலைய வழியின்றித் தங்கிவிடுகிறது. மார்கழியில் அதிகாலையில் எழுவதற்குக் கோலமும் திருப்பாவையும் பொங்கலும் இருக்கின்றன. ஓசோனை இழுக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளி நான்குவழிச் சாலையை ஒட்டியே இருக்கிறது. குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சி இதனால் குன்றும் என்று படித்தேன். குன்றினால் மீளுமா? (ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: தெற்குக் கலிஃபோர்னியாவில் பள்ளிக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அதில் 3,677 குழந்தைகளைப் பற்றி 2007-இல் வெளியான பகுதியின்படி, பெருஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வசித்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி, 1,500 மீட்டருக்கு அப்பால் வசித்தவர்களைவிடப் பின்தங்கியிருந்தது. மொத்தத்தில் காற்று தூய்மையாக இருந்த ஊர்களிலும் இந்த வேறுபாடு காணப்பட்டதைக் கவனியுங்கள். நுரையீரல் இருபது வயதையொட்டி வளர்ச்சியை முடித்துக்கொள்வதால், அதற்குள் எட்டாத அளவைப் பின்னர் எட்டுவது கடினம். ஒரு குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டால் இழப்பு சிறியதாகவே இருக்கும். அந்தக் குழந்தை ஓடி விளையாடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் அதே ஆய்வின் 2015-ஆம் ஆண்டு முடிவுகள் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகின்றன. வாகன விதிகள் கடுமையாகி அந்தப் பகுதியின் காற்று தெளியத் தெளிய, பின்னால் வந்த தலைமுறைக் குழந்தைகளின் நுரையீரல் முந்தைய தலைமுறையைவிட நன்கு வளர்ந்தது. 15 வயதில் நுரையீரல் திறன் மிகக் குறைவாக இருந்த பிள்ளைகள் 1990-களில் 7.9 சதவீதம், 2011 வாக்கில் 3.6 சதவீதம். மருந்து எதுவும் கொடுக்காமல் கிடைத்த பலன் இது.

பள்ளியை நகர்த்த உங்களால் இயலாது. வாசலை நகர்த்த முடியும். பக்கத்துத் தெருவில் ஒரு கதவு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மணி அடிக்கும் நேரத்தில் வேன்களும் ஆட்டோக்களும் என்ஜினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும் என்று தலைமையாசிரியர் ஒரு பலகை வைக்கட்டும். சிறு பிள்ளைகளின் வகுப்புகள் சாலையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் பின்கட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: வாகனப் புகையால் இறந்தார் என்று யாருக்காவது இறப்புச் சான்றிதழில் எழுதியதுண்டா? (வாசகர், மதுரை)

பதில்: உண்டு. தென்கிழக்கு லண்டனின் லூயிஷம் பகுதியில், சவுத் சர்குலர் என்ற நெரிசலான சாலைக்கு மிக அருகில் வசித்த ‘எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா’ என்ற சிறுமி, கடும் ஆஸ்துமாவால் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். முதல் விசாரணை மூச்சுத்திணறலோடு நின்றுவிட்டது. தாய் விடாமல் போராடி அந்த முடிவை நீதிமன்றத்தில் நீக்கச் செய்தார். 2020 டிசம்பரில் மறுவிசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ, மூச்சுச் செயலிழப்பு, கடும் ஆஸ்துமா ஆகியவற்றோடு காற்று மாசையும் இறப்புக்கான காரணமாகப் பதிவு செய்தார். பிரிட்டனில் இப்படிப் பதிவானது அதுவே முதல் முறை. மாசுக்கும் மகளின் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தாய்க்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதையும், சொல்லியிருந்தால் அந்தத் தாய் ஏதாவது செய்திருப்பார் என்பதையும் பார்லோ தனியே குறிப்பிட்டார்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன். இனி எனக்குக் கவலை இல்லைதானே? (வாசகர், தாம்பரம்)

பதில்: உங்கள் வண்டிக்குப் புகைக்குழாய் இல்லை, டயரும் பிரேக்கும் தேயும்போது எழும் துகள் மட்டும் மிச்சம். ஊருக்கு இது நல்லது. ஆனால் சாலையில் நீங்கள் சுவாசிப்பது உங்கள் வண்டியின் புகையை அல்லவே, முன்னால் போகும் பேருந்தின் புகையைத்தானே. சிக்னலில் பெரிய வண்டிகளின் புகைக்குழாய்க்கு நேர் பின்னால் போய் நிற்காமல் நாலு அடி விலகி நில்லுங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை தூசியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்-95 கவசம் பெரும்பகுதியைத் தடுக்கும்.